பொல்லாத நாயும் பொய்யாத அன்பும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்கில் சிறுவர்க்கான மறைக்கல்வி முகாம் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், திருவரங்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் படக்கதை நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "பேரப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவந்து விட்டுப்போனவை, ஃபாதர். அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். உங்கள் கோவில் பிள்ளைகளாவது படிக்கட்டுமே" என்றார். பெருமாள் கோவில் பிரசாதப் பொட்டலம் ஒன்றையும் பெட்டியின் மேல் வைத்திருந்தார். நெடுநாள் நண்பர்.

பெட்டியைப் பிரித்து அடுக்கியபோது ஒன்றைக் கவனித்தேன். நான்கு நூல்கள் ஒரே பொருளைப் பற்றியவை. அடங்காத நாய் ஒன்று. அதனை விட்டுக்கொடுக்காத ஒரு வீடு. அவற்றில் ஒன்றை எடுத்து, படங்களைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை முடிந்ததும், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்: "இவ்வளவு செஞ்சும் அந்த நாயை ஏன் சாமி வெரட்டல?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்றிரவு அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றதை இறுதியில் சொல்கிறேன்.

என் சிறுவயதில் பொன்மலைப் பகுதியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. பிறந்த நாள் முதல் அடங்காதது. உலர்த்திய கருவாட்டைத் தின்னும். அடுத்த வீட்டுக் கோழிகளைத் துரத்தும். கொடியில் காயும் துணியை இழுத்துக் கிழிக்கும். தெருவில் பேச்சுக் கேட்டுக் கேட்டு அலுத்த என் தந்தை, ஒரு விடியற்காலை அதனைக் கோணிப்பையில் கட்டி, மிதிவண்டியின் பின்னால் வைத்து, காவிரிப் பாலத்தைக் கடந்து, அம்மா மண்டபத்தின் அருகே விட்டுவிட்டு வந்தார். என் தந்தை கொடியவர் அல்லர். அக்காலத்தில் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார். மறு சனிக்கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் திருவரங்கம் வரை நடந்து சென்று தேடினேன். கிடைக்கவில்லை. "நல்ல நாயாக இருந்திருந்தால் வைத்திருக்கலாம்" என்று அம்மா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில் ஒளிந்திருந்த அச்சம் அன்று எனக்கு விளங்கிற்று. நல்ல பிள்ளையாக இராவிட்டால் எனக்கும் ஒரு கோணிப்பை உண்டோ?

எனவே இந்நூல்களை ஒரு திறனாய்வாளனாக மட்டும் படிக்க என்னால் இயலவில்லை. ஆயினும் முயல்கிறேன்.

நம் மரபில் நாய்

தமிழில் நாய் வசைச்சொல். எனினும் நம் முன்னோர் அதனை வசையாக மட்டும் விட்டுவிடவில்லை. நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்தில் யானையையும் நாயையும் ஒப்பிடும் பாடல் ஒன்றுண்டு. யானை பன்னாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, தலைவன் எறிந்த வேல் தன் உடலில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வால் குழைக்கும். ஆகவே நாய் போன்றாரின் நட்பையே தேடிக்கொள் என்பது சமண முனிவரின் அறிவுரை.

பக்தி இலக்கியம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையராகக் கண்டு, அத்தகைய தமக்குத் தாயினும் மிகுந்த அருள் கிடைத்ததே என்று வியக்கிறார். திருவரங்கப் பெருமானைப் பாடிய திருமங்கையாழ்வாரும் திருவேங்கடத்துப் பதிகம் ஒன்றில் தம்மை 'நாயேன்' என்கிறார். இவ்வாழ்வார் முன்பு வழிப்பறி செய்தவர் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. தகுதியற்ற நாய், தள்ளாத தலைவன் என்னும் உவமை நம் மண்ணுக்குப் புதியதன்று. மேனாட்டுப் படக்கதை நூல்களைப் பேசுமுன் இதனை நினைவிற்கொள்வது நலம்.

விவிலியத்தில் நாய்க்கு நற்பெயர் குறைவு. தோபித்து நூல் மட்டும் ஒரு விலக்கு. இளைஞன் தோபியா வானதூதரோடு பயணம் புறப்படுகையில் அவனது நாயும் உடன் செல்கிறது. திரும்புகையில் பின்னால் வருகிறது. அந்த நாய் வீரச்செயல் எதுவும் புரிவதில்லை. உடன் போயிற்று, உடன் வந்தது என்பதற்கு மேல் அதனைப் பற்றி ஒன்றுமில்லை. ஆயினும் அது விடுபடாமல் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர்களில் ஆரோக்கியநாதர் என்று வணங்கப்படும் புனித ரோக்கின் சுருவத்திலோ, வாயில் அப்பத்தைக் கவ்விய நாய் ஒன்று அவருடைய காலடியில் நிற்கும். கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்தவருக்கு நாள்தோறும் உணவு கொணர்ந்தது என்பது மரபு. இது பயன் தந்த நாய். அதனால் பீடத்தில் இடம் பெற்றது. தோபியாவின் நாய் பயனேதும் தரவில்லை. அதற்கும் இடம் கிடைத்தது. இவ்விரு நாய்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நான்கு நூல்களையும் நான் அளந்தது இக்கோலால்தான்.

நான்கு நூல்கள்

முதலாவது, நார்மன் பிரிட்வெல் எழுதி வரைந்து 1963-இல் வெளிவந்த 'கிளிஃபர்டு தி பிக் ரெட் டாக்'. எமிலி எலிசபெத் என்னும் சிறுமியின் செந்நிற நாய் வீட்டைவிடப் பெரியது. மற்ற நாய்கள் வண்டியைத் துரத்தும். இதுவோ துரத்திப் பிடித்துக் கவ்விக்கொண்டே வந்துவிடும். சிறுமி தன் நாயின் குறைகளை மிக இயல்பாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். படமோ அக்குறையின் பூதாகாரத்தைக் காட்டுகிறது. சொல்லுக்கும் படத்துக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியில்தான் குழந்தையின் சிரிப்புப் பிறக்கிறது. படக்கதை என்னும் கலைவடிவத்தின் அடிப்படை இலக்கணமே இதுதான். ஆயினும் ஒரு குறை. நொறுங்கிய வண்டிக்குரியவன் யார், அவன் என்ன ஆனான் என்று நூல் கேட்பதே இல்லை. இங்கே அன்பு உண்டு. அன்பின் விலை இல்லை.

இரண்டாவது, ஜான் குரோகன் எழுதி, ரிச்சர்டு கௌட்ரி வரைந்து 2007-இல் வந்த 'பேட் டாக், மார்லி!'. இதற்கு மூலம், குரோகன் தம் லாப்ரடார் நாயைப் பற்றிப் பெரியவர்களுக்காக 2005-இல் வெளியிட்ட நினைவுநூல். 2008-இல் திரைப்படமாகவும் வந்தது. உண்மையான மார்லி பயிற்சி வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட நாய். இடி இடித்தால் மிரண்டு கதவையும் சுவரையும் பிறாண்டும். இறக்கும் நாள் வரையில் அது முழுமையாகத் திருந்தவில்லை என்பதும், அது போனபின் அவ்வீடு வெறிச்சோடியது என்பதும் நினைவுநூலின் உயிர். குழந்தைகளுக்கான படக்கதையில் அந்த உயிர் தேய்ந்துவிட்டது. அழிவின் மேல் அழிவாகப் பக்கங்கள் நகைச்சுவைக்காக அடுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே கிறிஸ்துமஸ் கதையும் வந்தது. ஒரு வீட்டின் கண்ணீரோடும் சிரிப்போடும் கலந்திருந்த குறும்பு, விற்பனைச் சரக்காக மாறும்போது அன்பும் எளிதாகிவிடுகிறது. கிழிந்த மெத்தைக்கு மறுநாளே புது மெத்தை வாங்கக்கூடிய வீட்டில் மன்னிப்பு அவ்வளவு கடினமன்று. எங்கள் பொன்மலை வீட்டில் ஒரு சட்டை கிழிந்தால் அடுத்த திருவிழா வரை அதுவே இழப்பு.

மூன்றாவது நூல் காலத்தால் மூத்தது: ஜீன் சயான் எழுதி, மார்கரெட் பிளாய் கிரஹாம் வரைந்த 'ஹாரி தி டர்ட்டி டாக்'. 1956-இல் வெளிவந்தது. ஹாரி கரும்புள்ளிகளுடைய வெள்ளை நாய். குளிப்பது மட்டும் பிடிக்காது. தேய்க்கும் தூரிகையை மண்ணில் புதைத்துவிட்டு ஓடிப்போகிறது. சாலைப் பணி நடக்குமிடம், இரயில் பாதை, நிலக்கரி கொட்டும் சரிவு என்று எங்கெங்கோ புரண்டு, வெண்புள்ளிகளுடைய கறுப்பு நாயாகி வீடு திரும்புகிறது. வீட்டாருக்கு அடையாளம் தெரியவில்லை. தான் அறிந்த வித்தைகளையெல்லாம் செய்து காட்டுகிறது, பயனில்லை. தலை கவிழ்ந்து வாயிலை நோக்கி நடக்கும்போது திடீரென நினைவு வருகிறது. புதைத்த தூரிகையைத் தோண்டி எடுத்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் தானே பாய்கிறது. பிள்ளைகள் தேய்க்கத் தேய்க்க, தங்கள் ஹாரி வெளிப்படுவதைக் காண்கிறார்கள்.

திருமுழுக்கையும் ஊதாரி மைந்தனையும் ஒருங்கே நினைவூட்டும் இக்கதையை நான் மிகவும் விரும்பினேன். ஆயினும் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கே தந்தை, மகன் தொலைவில் வரும்போதே அடையாளம் கண்டுகொள்கிறார். அழுக்கு நீங்கவேண்டும் என்று காத்திருப்பதில்லை. புதிய ஆடை பின்னால்தான் வருகிறது. இங்கேயோ முதலில் குளியல், பின்புதான் அடையாளம். எவ்வளவு அன்பான வீடாயினும், அழுக்கோடு நின்ற ஹாரி சற்று நேரம் வீடற்ற நாய்தான். இதனை நூலின் குறை என்று சொல்லமாட்டேன். மனிதக் குடும்பங்களின் உண்மை நிலை இதுவே. அந்த உண்மையை இவ்வளவு மென்மையாகச் சொல்லிய ஆசிரியரின் நேர்மையைப் பாராட்டவேண்டும். இறுதிப் படத்தில் தூரிகை ஹாரியின் மெத்தையின் கீழே மறைந்திருக்கிறது. வீடு திரும்பிவிட்டது, குணம் முழுதும் திரும்பவில்லை.

நான்காவது நூலே அந்தச் சிறுவன் கேள்வி கேட்ட நூல். அயர்லாந்தில் பிறந்த கிறிஸ் ஹாட்டன் எழுதி வரைந்த 'ஓ நோ, ஜார்ஜ்!', 2012-இல் வெளிவந்தது. ஹாரிஸ் வெளியே புறப்படுகிறார். நல்லபடியாக இருப்பாயா என்று நாயிடம் கேட்கிறார். இருக்கவேண்டும் என்பதே ஜார்ஜின் விருப்பம். ஆனால் மேசையில் கேக் இருக்கிறது. வீட்டில் பூனை இருக்கிறது. தொட்டியில் தோண்டுவதற்கு மண் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜார்ஜ் என்ன செய்யும் என்ற கேள்வியோடு பக்கம் முடிகிறது. பக்கத்தைப் புரட்டும் குழந்தையின் விரலே விடையைத் திறக்கிறது. ஹாரிஸ் திரும்பி வந்து அலங்கோலத்தைக் காண்கிறார். ஜார்ஜ் வருந்தித் தன் விருப்பமான விளையாட்டுப் பொருளை அவருக்குக் கொடுக்கிறது. இருவரும் உலாவச் செல்கிறார்கள். வழியில் கேக், மண், பூனை எல்லாம் மீண்டும் வருகின்றன. இம்முறை ஜார்ஜ் வென்றுவிடுகிறது. பிறகு ஒரு குப்பைத்தொட்டி! ஜார்ஜ் என்ன செய்யும்? நூல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

உரோமையர் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் பல வாரங்கள் பயின்றிருக்கிறேன். விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேனே என்று புனித பவுல் வருந்தும் பகுதி அது. அதனை நான்கு வயதுக் குழந்தைக்கு விளங்கவைக்க முடியும் என்று அன்றுவரை நான் எண்ணியதில்லை. ஒப்புரவு அருள்சாதனத்தை அணுகும் எவருக்கும் ஜார்ஜின் நிலை தெரியும். வருத்தம் உண்மை, திருந்துவேன் என்ற உறுதியும் உண்மை, கோவில் வாயிலுக்கு வெளியே குப்பைத்தொட்டி காத்திருப்பதும் உண்மை. ஹாட்டன், ஜார்ஜ் திருந்திவிட்டது என்று பொய் சொல்லவில்லை. திருந்தாது என்று கைவிடவும் இல்லை. நான்கு நூல்களில் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

இவ்விடத்தில் நம் ஊரின் எழுத்தாளர் ஒருவரையும் நினைக்கத் தோன்றுகிறது. திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற சுஜாதா, 'என் இனிய இயந்திரா' புதினத்தில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்தார். கருவாடு திருடாது, துணி கிழிக்காது. ஆயினும் வாசகர் அதனை நேசித்தது அதன் ஒழுக்கத்துக்காக அன்று. சொன்னதை மட்டும் செய்யவேண்டிய இயந்திரம் தானாகச் சிந்திக்கத் தொடங்கியதற்காக. கீழ்ப்படிதல் மட்டுமே உள்ள ஓர் உயிரைப் பயன்படுத்தலாம். நேசிக்க இயலாது போலும். தவறும் உரிமையோடு மனிதனை இறைவன் படைத்ததன் பொருளும் இதற்குள் அடங்கியிருக்கலாம்.

வேலிக்கு வெளியே

இனி ஒரு தடை. இந்நூல்களின் நாய்களுக்கெல்லாம் வேலி உண்டு, வீடு உண்டு. நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வீதிகளில் காணும் நாய்களுக்கு அவை இல்லை. நம் நாட்டில் அடங்காத நாய் என்பது நகைச்சுவை மட்டுமன்று; சில நேரங்களில் மரணம். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. உலக வெறிநோய் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. கடிபடுவோரில் சிறுவர் மிகுதி. தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 11 அன்று டெல்லிக்கு ஓர் ஆணையிட்டு, 22 அன்று அதனைத் திருத்தி, நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னதையும், அதையொட்டி நாடெங்கும் எழுந்த வாதங்களையும் நாம் அறிவோம். இந்நிலையில், பொல்லாத நாயையும் நேசி என்று மட்டும் குழந்தைக்குச் சொல்லித்தரும் நூல் அரைகுறையான நூலே. கடிபட்டால் மறைக்காமல் வீட்டில் சொல், சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவு, உடனே தடுப்பூசிக்குப் போ என்பதையும் அன்பின் பாடமாகவே சொல்லவேண்டும்.

கூப்பியோ நகரத்து ஓநாயின் கதை இங்கே துணை செய்கிறது. புனித பிரான்சிஸ் அந்த ஓநாயைத் தடவிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. ஓர் உடன்படிக்கை செய்துவைத்தார். நகரத்தார் அதற்கு நாள்தோறும் உணவிடவேண்டும். அது யாருக்கும் தீங்கு செய்யக்கூடாது. பசியே அதன் குற்றத்துக்கு வேர் என்று கண்டறிந்தவர் அவர். அன்பு என்பது குற்றத்தைக் காணாதிருத்தல் அன்று. குற்றத்தின் வேரைக் கண்டு, இருதரப்பாருக்கும் கடமை வகுத்தல்.

இத்தகைய படக்கதை ஒன்று தமிழில் வேண்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா போன்றோர் நாய்க்கும் பூனைக்கும் தமிழ்ப் பாடல்களில் இடம் தந்தார்கள். சென்னையில் தொடங்கப்பட்ட தாரா, தூலிகா பதிப்பகங்களும், 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனமும் இந்தியக் குழந்தைகளுக்கு இந்திய முகங்களைப் படங்களில் காட்டியிருக்கின்றன. ஆகவே அடித்தளம் இருக்கிறது. யாருக்கும் உரிமையில்லாத, ஆனால் தெருவுக்கே உரிய ஒரு நாய். தேநீர்க் கடைக்காரர் போடும் வறுக்கி. கருத்தடையும் தடுப்பூசியும் ஆன அடையாளமாக அதன் காதில் ஒரு சிறு வெட்டு. அதனை அஞ்சும் ஒரு பாட்டி. அதன்மேல் கல்லெறியும் ஒரு சிறுவன். பின்னணியில் மலைக்கோட்டையும் காவிரியும் இருக்கட்டும். நம் வாசகருள் வரையத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் உண்டு. எவரேனும் முன்வரின் மகிழ்வேன். ஒன்று மட்டும் வேண்டுகோள்: இறுதிப் பக்கத்தில் அந்த நாய் திருடனைப் பிடித்துக் கொடுத்து நற்பெயர் வாங்கவேண்டாம். வீரச்செயல் செய்த பிறகு கிடைப்பது பரிசு. அன்பு அதற்கு முன்பே வரவேண்டும். நாம் பாவிகளாய் இருந்தபோதே நேசிக்கப்பட்டோம் என்பதன்றோ நாம் பெற்ற நற்செய்தி?

அந்தக் கேள்வி

இரண்டாவது காரணத்தைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். கேள்வி கேட்ட சிறுவனை நான் அறிவேன். முகாமுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவனைப் பீடச் சிறுவர் குழுவிலிருந்து விலக்கியிருந்தேன். தூபக் கலசத்தைச் சுழற்றி விளையாடித் தரைவிரிப்பில் நெருப்புக் கொட்டியவன். திருப்பலி நேரத்தில் பக்கத்திலிருப்பவனைக் கிள்ளிச் சிரிக்கவைப்பவன். பலமுறை எச்சரித்த பின்னரே விலக்கினேன். நியாயமான நடவடிக்கை என்றே நம்பினேன். என் தந்தையும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

நாயைப் பற்றி அவன் கேட்கவில்லை என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது.

மறுநாள் அவனைத் தனியே அழைத்தேன். "அந்த நாயை ஏன் விரட்டவில்லை தெரியுமா? அது அந்த வீட்டு நாய். அதற்கு மேல் காரணம் இல்லை" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலிக்கு வா. தூபக் கலசம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனான்.

ஞாயிறன்று வந்தான். வெள்ளை அங்கி துவைத்துத் தேய்த்திருந்தது. எழுந்தேற்றத்தின்போது மணியைச் சரியாகவே அடித்தான். நற்கருணை விருந்து முடிந்து எல்லாரும் அமைதியாக அமர்ந்திருந்த வேளையில், காரணமே இல்லாமல் மீண்டும் ஒருமுறை அடித்தான். மக்கள் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. பணியாளர் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது.